எந்தக் கடற்கரைக்குப் போகலாம் என்று கேட்டிருந்தாயே

திருக்காட்டுப்பள்ளி,
ஐப்பசி 12.

அன்புள்ள கவிப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் எங்கள் வயதுக்கு நன்றாகவே இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வானதியும் செழியனும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது நான் ஊம் ஊம் என்று மட்டும் சொன்னேன் என்று உன் தம்பி சதீஷிடம் குறைப்பட்டாயாம். அவனுக்கும் பாதிதான் தெரியும், சென்னையில் வேலைக்கு நடுவே இருக்கிறவனிடம் எவ்வளவு சொல்வது. நீயோ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சமைக்கிறாய், பிள்ளைகள் இரண்டும் அம்மாச்சி அம்மாச்சி என்று பக்கத்திலேயே நிற்கின்றன, அந்த நேரத்தில் வாய்விட்டுச் சொல்லக்கூடிய சேதியா இது. அதனால்தான் எழுதுகிறேன், அவர்கள் தூங்கியபிறகு படி. முதலில் வீட்டு விஷயம். குறுவை சுமாராகத்தான் கண்டது, அறுப்பு சமயத்தில் மழை பிடித்து நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைத்து அள்ளுவதற்குள் அப்பாவுக்கு முதுகு ஒடிந்துவிட்டது. இப்போது சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்துவிட்டது, வாய்க்காலில் தண்ணீர் குறைவில்லாமல் வருகிறது. செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. அப்பா முட்டிவலி மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு போட மறந்துவிடுகிறார், நீ பேசும்போது ஒரு வார்த்தை அதட்டு, நான் சொன்னால் காதில் ஏறுவதில்லை.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது பிள்ளைகளோடு நாமெல்லாரும் ஒன்றாக நான்கைந்து நாள் கடற்கரையில் இருக்க வேண்டும், எந்த ஊர் தோதுப்படும் என்று நீங்களே பார்த்து வையுங்கள் என்று ஆவணியில் கேட்டிருந்தாய். அலை கம்மியாக இருக்க வேண்டும், ரூமில் பாத்ரூம் சுத்தமாக இருக்க வேண்டும், பக்கத்தில் ஆஸ்பத்திரி வேண்டும், பிள்ளைகளுக்குக் காரமில்லாத சாப்பாடு கிடைக்க வேண்டும் என்றெல்லாம் வாட்ஸப்பில் சொல்லியிருந்தாய். நீ வந்து நான்கு வருஷம் ஆகிறது, வாய் திறந்து எங்களிடம் கேட்டது இது ஒன்றுதான், அதனால் அறுப்பு முடிந்த கையோடு அப்பாவைக் கிளப்பிவிட்டேன். பெரிய தெருவில் கார் வைத்திருக்கிற வீரையன்தான் ஓட்டிவந்தான், உனக்குத் தெரியுமே, உன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவந்தவன். ஒருநாள் வேளாங்கண்ணி, நாகூர், காரைக்கால் மூன்றையும் பார்த்தோம். வேளாங்கண்ணியில் கடை கண்ணி எல்லாம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் நீ வருகிற சமயம் கிறிஸ்துமஸ் கூட்டம், தலையும் தலையும் இடிக்கும், கையை விட்டால் பிள்ளையைத் தேட முடியாது. நாகூரில் ஆண்டவர் சந்நிதிக்குப் போய் உங்கள் நாலு பேர் பெயரையும் சொல்லிப் பாத்தியா ஓதவைத்து வந்தேன், கடல் பக்கம் போய் உட்கார்ந்தால் காற்று நன்றாக இருக்கிறது, குளிக்கிற கடல் இல்லை. காரைக்கால் கடற்கரை சாயங்காலம் நடக்கவும் உட்காரவும் சுகம், மணல் அகலமாக இருக்கிறது, பிள்ளைகள் ஓடலாம். இதில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன், அப்பாதான் தரங்கம்பாடியையும் பார்த்துவிடுவோம், கோட்டை இருக்கிறது, மாப்பிள்ளைக்குப் பழைய கட்டடம் என்றால் பிடிக்கும் என்றார். அதற்கு அடுத்த வாரம் போனோம். கோட்டை அழகுதான், ஆனால் அங்கே கடல் கல்லில் வந்து மோதுகிறது, பிள்ளைகளை இறக்க முடியாது. வடக்கே கொஞ்ச தூரத்தில் சவுக்குத்தோப்புக்குப் பின்னால் ஒரு கரை இருக்கிறது, கூட்டமே இருக்காது என்று வீரையன் அழைத்துப்போனான். அந்த இடத்தின் பெயர் வேண்டாம், சொன்னால் நீ போனில் தேடிப் பார்ப்பாய்.

பார்த்ததும் நானே இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். மணல் துடைத்து வைத்ததுபோல் சுத்தம், அலையும் சின்னச் சின்னதாகத்தான் வந்தது, தோப்பில் நிழல். எங்களைத் தவிர இன்னொரு குடும்பம் மட்டும் இருந்தது. ஒரத்தநாட்டுப் பக்கத்துப் பிள்ளைகள். புருஷன் பெயர் செந்தில்குமார், நெல் அறுக்கிற மெஷின் ஓட்டுகிறார், குறுவை முழுக்க ராப்பகலாக ஊர் ஊராக அறுத்துவிட்டு அன்றுதான் லீவு கிடைத்ததாம். பெண்சாதி குந்தவை, சதீஷை விட இரண்டு வயது சின்னவளாக இருப்பாள். எட்டு மாதத்தில் ஒரு பெண்குழந்தை, மொட்டை போட்ட தலை இன்னும் முடி வளராமல் மின்னிக்கொண்டிருந்தது. மணல் சரிவில் அப்பா இறங்கத் தடுமாறியதைப் பார்த்துவிட்டு செந்தில்குமார் ஓடிவந்து "கையக் குடுங்கய்யா, மெதுவா" என்று பிடித்து இறக்கி உட்காரவைத்தார். எந்த ஊர், எத்தனை மா நிலம், என்ன நெல் போட்டீங்க என்று அப்பாவோடு அரைமணி நேரம் பேசினார், அப்பாவுக்கும் பேச ஆள் கிடைத்த சந்தோஷம். அவள் எலுமிச்சம்பழச் சாதம் கொண்டுவந்திருந்தாள், நான் புளியோதரை வைத்திருந்தேன், மாற்றிப் போட்டுச் சாப்பிட்டோம். சாப்பிட்டுவிட்டு அவர் பேண்ட்டை மடக்கிவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினார், முழங்கால்வரைதான் கவி, அதற்கு மேல் போகவில்லை. அவள் போட்டோ எடுக்க வேண்டும் என்று "கொஞ்சம் புடிச்சுக்குங்கம்மா" என்று குழந்தையை என் மடியில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் ஓரத்துக்குப் போனாள். "என்னங்க, இங்க பாருங்க" என்று கூப்பிட்டாள். அவர் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிச் சிரித்தார். பின்னால் வந்த அலை முழங்காலுக்குப் பின்னால் அடித்து உட்காரவைத்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் எழுந்தார், நாங்களும் சிரித்தோம், குழந்தையின் கையைப் பிடித்து நான் தட்டினேன். எழுந்து நிற்பதற்குள் அந்தத் தண்ணீர் திரும்பிப் போகும்போது காலடி மணலோடு சேர்த்து அவரை இழுத்துக்கொண்டது. தலை ஒருதரம் தெரிந்தது. பிறகு ஒரு கை. பிறகு ஒன்றும் இல்லை, கடல் முன்பு இருந்தது மாதிரியே இருந்தது.

அவள் செல்லைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டுச் சத்தம் போட்டுக்கொண்டே உள்ளே ஓடினாள், வீரையன் பாய்ந்து அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்து கரையில் போட்டான், இல்லாவிட்டால் அவளும் போயிருப்பாள். அப்பா முட்டிவலியெல்லாம் மறந்து வேட்டியோடு இறங்கிவிட்டார், நான் குழந்தையை வைத்துக்கொண்டு வாங்க வாங்க என்று கத்தினேன், இடுப்பளவுத் தண்ணீருக்கு முன்னாலேயே நின்றுவிட்டார், நின்ற இடத்தில் அவரையும் ஆட்டிப் பார்த்திருக்கிறது. வீரையன் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்துக் குப்பத்தில் சொல்லி ஆட்களை அழைத்துவந்தான். அவர்கள் வந்த வேகத்திலேயே படகைத் தள்ளிக்கொண்டு போனார்கள், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, கயிற்றைக் கட்டிக்கொண்டு முங்கி முங்கிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் அப்பாவிடம் "மேல பாத்தா ஒண்ணும் தெரியாதுங்கய்யா, அடியில இழுப்பு. நாங்களே இந்த எடத்துல எறங்க மாட்டோம்" என்றார். குழந்தை பசித்து அழ ஆரம்பித்தது. அவள் இருந்த நிலையில் அவளிடம் கொடுக்க முடியவில்லை, கொடுத்தாலும் அவளுக்கு அது தெரியவில்லை, "நாந்தான் கூப்புட்டேன், நாந்தான் கூப்புட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டு கரையில் அங்கும் இங்கும் நடந்தாள். வீரையன் குப்பத்தில் ஒரு வீட்டில் பால் காய்ச்சி வாங்கிவந்தான், காருக்குள் உட்கார்ந்து ஸ்பூனால் புகட்டினேன். குடித்துவிட்டு என் தாலிக்கொடியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது. விளக்கு வைத்து வெகுநேரம் கழித்துத்தான் அவர்கள் ஊர் ஆட்கள் வந்தார்கள், அவள் அண்ணனிடம் குழந்தையைக் கொடுத்தேன். புடவை முழுக்க அதன் மூத்திரம், வீடு வந்து சேரும்வரை மாற்றத் தோன்றவில்லை. மறுநாள் காலையில் தெற்கே தள்ளிக் கரையில் ஒதுங்கியிருந்தார் என்று வீரையனுக்குப் போன் வந்தது. அதைக் கேட்டு அப்பா வயலுக்குப் போய்விட்டார், மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

கருமாதி முடிந்து சில நாள் கழித்து அந்த அண்ணன் பேசினான், "பாப்பாவ வச்சிருந்த அம்மாவப் பாக்கணும்னு தங்கச்சி சொல்லுது, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றான். அப்பா நாம் போய் என்ன செய்யப்போகிறோம் என்று தயங்கினார், நான்தான் பிடிவாதமாகக் கூட்டிப்போனேன். ஓட்டு வீடு, கூடத்தில் அவர் போட்டோவுக்கு மாலை போட்டிருந்தது, மெஷின் மேல் உட்கார்ந்திருக்கிற போட்டோ. பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். குந்தவை ஒரு மூலையில் சுவரோடு சுவராக இருந்தாள், நெற்றியும் கழுத்தும் இருந்த கோலத்தை எழுத மனம் வரவில்லை. யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை என்பதை நான் உள்ளே நுழைந்ததுமே பார்த்துவிட்டேன். செந்தில்குமாரின் அம்மா பெயர் அகிலாண்டம், என் வயதுதான் இருக்கும். நான் தண்ணீரைக்கூட வாய்க்குக் கொண்டுபோகவில்லை, அதற்குள் அந்த அம்மா எல்லாரும் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டார்கள். "நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க. உங்க வாயால சொல்லுங்க. ஒழுங்கா நின்னுக்கிட்டிருந்த என் புள்ளய இவ போட்டோ எடுக்கக் கூப்புட்டாளா இல்லியா? இவ கூப்புட்டுத்தானே அவன் திரும்புனான்? திரும்பாம இருந்தா அலை வர்றதப் பாத்திருப்பான்ல?" அந்த அம்மாவையும் நான் குறை சொல்ல மாட்டேன், பெற்ற வயிறு எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்கும். ஆனால் அந்த மூலையில் இருக்கிறவளைப் பார்த்தேன். அவள் தலையை நிமிர்த்தி என்னையே பார்த்தாள், சொல்லாதே என்றும் கேட்கவில்லை, காப்பாற்று என்றும் சொல்லவில்லை, எது சொன்னாலும் சரி என்கிற மாதிரி ஒரு பார்வை. நான் சொன்னேன், "இவ கூப்புட்டது வாஸ்தவம். ஆனா அந்த அலைச் சத்தத்துல பின்னாடி உக்காந்திருந்த எனக்கே சரியாக் கேக்கல, அவருக்கு எங்க கேக்கும். அவரு திரும்பவே இல்லைங்க. கடலப் பாத்துதான் நின்னுக்கிட்டிருந்தாரு. அந்த எடத்துல அடியில இழுப்பு இருக்குன்னு குப்பத்து ஆளுங்களே சொன்னாங்க, யாரு நின்னாலும் அதான் நடந்திருக்கும்." அகிலாண்டம் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள், "அப்படியாங்க?" என்றார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. வரப்பில் ஒரு சாண் மண்ணுக்கு உண்மை வேண்டும் என்று தாசில்தார் ஆபீஸ்வரை போனவர் உன் அப்பா, சொந்த அண்ணனுக்காகக்கூட ஒரு பொய் சாட்சி சொல்லாதவர். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு "வள்ளியம்மை சொல்றது சரிதாங்க" என்றார். அந்த அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய்ப் பாயில் கிடந்த பேத்தியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்கள். அதுவரை அந்தக் குழந்தையை அவர்கள் தொடவே இல்லையாம், பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி பிறகு என்னிடம் சொன்னாள்.

கிளம்புகிறதற்கு முன்னால் பின்கட்டுக்குக் கை கழுவப் போனேன், குந்தவை என் பின்னாலேயே வந்தாள். யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள், கை அனலாகக் கொதித்தது. "திரும்புனாரும்மா. செல்லுல நான் பாத்தேன். என்னப் பாத்துச் சிரிச்சாரு" என்றாள். நான் "தெரியும்டி, நானும்தான் பாத்தேன்" என்றேன். "அப்புறம் ஏம்மா அப்படிச் சொன்னீங்க" என்றாள். "நீ இந்த வீட்டுல இருக்கணும், அந்தப் புள்ளய வளக்கணும். உன்னப் பாத்துச் சிரிச்சது உனக்குத் தெரிஞ்சாப் போதும், ஊருக்குத் தெரிய வேண்டாம்" என்றேன். அன்றைக்குக் கடற்கரையில் இருந்து அவள் கண்ணில் தண்ணீரே வரவில்லையாம், என் தோளில் சாய்ந்துகொண்டு அப்போதுதான் அழுதாள், சத்தம் வெளியே கேட்காமல் என் புடவையைக் கடித்துக்கொண்டு. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது என்பதால் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டோம். தஞ்சாவூர் தாண்டும்வரை வீரையன் பாட்டுக்கூடப் போடவில்லை. நான் செய்தது சரியா தப்பா என்று அப்பாவைக் கேட்கப் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டிருக்கும்போது அவராகவே "நீ முந்திக்கிட்ட, நல்லதாப் போச்சு. என்னைய முதல்ல கேட்டிருந்தா எனக்கு வாய் வந்திருக்காது, அந்தப் பொண்ணு செத்திருக்கும்" என்றார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு இந்தப் பேச்சை எடுக்கவில்லை. உன்னைத் தவிர நான் யாரிடமும் சொல்லவில்லை, சதீஷுக்கும் கடலில் நடந்தது மட்டும்தான் தெரியும், மாப்பிள்ளையிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். போன வாரம் அந்த அண்ணன் பேசினான், குந்தவைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம், மாமியார் இரண்டு வேளையும் அவளுக்குச் சோறு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைக்கிறார்களாம்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். கடலே வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன், இந்தப் பேச்சை நீ எடுத்தபோதெல்லாம் ஊம் போட்டது அதனால்தான். முந்தாநாள் காலையில் அப்பா பட்டுக்கோட்டையில் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார், இருட்டியபிறகு வந்தார், வேட்டியெல்லாம் கடல் சேறு. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே மனோராவுக்குப் போயிருக்கிறார். ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்து பார்த்திருக்கிறார். "ரொம்ப தூரம் போய்ப் பாத்துட்டேன், முட்டிக்கு மேல ஏறல. அலைன்னு ஒண்ணு இல்ல, குளத்துத் தண்ணி மாதிரி நிக்குது. எழுதிப் போடு" என்றார். அந்த வயதில், அந்த முட்டியோடு. உன் பிள்ளைகளுக்காக அவர் செய்ததைப் பார். அதனால் நான் சொல்கிற இடம் மனோராதான். வீடியோவில் பார்க்கிற நீலத் தண்ணீரை எதிர்பார்க்காதே, கால் வைத்தால் சேறு, கடல் புல் காலில் சுற்றும், பக்கத்தில் பெரிய ஓட்டல் இல்லை, பட்டுக்கோட்டையில் ரூம் போட்டுக்கொண்டு பகலில் போய்வர வேண்டும். ஆனால் செழியன் உட்கார்ந்து தண்ணீரை வாரி அடித்து விளையாடலாம், எட்டு மாடிக்கு ஒரு பழைய கோபுரம் இருக்கிறது, மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கலாம். மழை பிடித்திருந்தால் அங்கேயும் வேண்டாம். மற்ற ஊர்களில் கரையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுவிட்டு வரலாம், இறங்கக்கூடாது. எங்கே போனாலும் பிள்ளைகள் தண்ணீரில் நிற்கும்போது யாரும் கையில் போனை வைத்திருக்கக்கூடாது, மாப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், நான் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. இதையெல்லாம் அவளுக்கு எழுதாதே, பயந்துபோய் டிக்கெட்டையே கேன்சல் பண்ணிவிடுவாள் என்கிறார் அப்பா. கவி, கடல் வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் வராமல் இருந்துவிடாதே. ஒரு பெண் அந்தக் கரையில் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு வந்ததில் இருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை, நீங்கள் நாலு பேரும் வாசலில் வந்து இறங்குவதைக் கண்ணால் பார்த்தால்தான் அடங்கும். அப்பா சொல்லவில்லை, ஆனால் அவருக்கும் அதேதான்.

நீங்கள் நால்வரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் கையை ஒருவர் விடாமல் நீண்ட காலம் வாழ வேண்டும், அம்மாவும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம். வானதிக்கும் செழியனுக்கும் எங்கள் முத்தம். இருவரின் கால் அளவையும் மறக்காமல் அனுப்பிவை, சேற்றில் கிளிஞ்சல் குத்தும், பட்டுக்கோட்டையில் ரப்பர் செருப்பு பார்த்து வைத்திருக்கிறாராம் அப்பா, அளவு தெரியாமல் வாங்காமல் வந்துவிட்டார்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
து. வள்ளியம்மை